படகுக்காரனுக்கு ஒரு வேலை

என் மனைவி படிக்கிற நாவல்களைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். கையில் எடுத்தால் செங்கல் கனம் இருக்கும். அட்டையில் கத்தி, கோட்டை, சிறகு முளைத்த ஒரு ஜந்து, இந்த மூன்றில் ஒன்று கட்டாயம் உண்டு. பிரித்தால் முதல் பக்கத்திலேயே மேப். இல்லாத ஊருக்கு எதற்கு மேப் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "கீற ஊருக்குத்தான் போன்லயே மேப் கீதே. இல்லாத ஊருக்குத்தான் புக்குல போட்டாவணும்" என்றாள்.

நாங்கள் இருப்பது செங்கல்பட்டில். அவளுக்கு ஐ.டி. கம்பெனி வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. எனக்குக் கடலோரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவு. காலையில் ஆபீஸ் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் வழியாகப் போய், சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன். இருவரும் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பு. அதனால் என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். படாளத்திலிருந்து என் அம்மா வரும்போது மட்டும் அது 'நீங்க' ஆகிவிடும். அம்மாவுக்கு இது தெரியும். தெரியாத மாதிரியே இருப்பாள்.

ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. உள்ளே வந்த சாமான் எங்கே போனது என்று தெரிந்தாக வேண்டும். ஒரு போல்ட் காணாமல் போனாலும் எனக்குச் சோறு இறங்காது. இவள் படிக்கிற கதைகளிலோ ஆள் மாயமாய் மறைவான், மலை இடம் மாறும், யாரும் யாரையும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அதனால் அந்தப் புத்தகங்களைத் தூசி தட்ட மட்டும்தான் நான் தொடுவேன். தட்டும்போது கிண்டலடிக்கவும் செய்வேன்.

போன வருஷம் ஒரு நாள் காலையில், இடது கண்ணில் ஓரத்திலிருந்து கறுப்புத் திரை இறங்குகிறது என்றாள். அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. வலது கண் பேருக்குத்தான், எழுத்தைப் பிடிக்காது. இத்தனை வருஷம் இத்தனை செங்கல்களையும் படித்தது அந்த ஒரு இடது கண்தான். சென்னைக்கு ஓடினோம். விழித்திரை பிய்ந்துகொண்டு வந்திருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் செய்து, திரை ஒட்டிக்கொள்வதற்காகக் கண்ணுக்குள் வாயுவால் ஒரு குமிழி வைத்து அனுப்பினார்கள். குமிழி மேலே எழும்பித் திரையை அழுத்த வேண்டும் என்றால் முகம் கீழே பார்த்தபடியே இருக்க வேண்டும். தின்பது, பேசுவது, தூங்குவது எல்லாம் குப்புற. புத்தகம் கூடாது, போன் கூடாது.

"எப்ப மேடம் படிக்கலாம்?" என்று டாக்டரம்மாவைக் கேட்டாள். எப்போது வேலைக்குப் போகலாம் என்று கேட்கவில்லை. எப்போது நிமிரலாம் என்றுகூடக் கேட்கவில்லை.

"ஒட்டிக்கிச்சுன்னா பழையபடி படிக்கலாம்" என்றார் அவர். ஒட்டவில்லை என்றால் என்று நான் கேட்டேன். "பார்ப்போம்" என்றார்.

அவள் பல மாதமாகக் காத்திருந்த புத்தகம் அதே வாரத்தில்தான் வீட்டுக்கு வந்திருந்தது. பார்சலைக்கூடப் பிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் தலையணைக்கு வெளியே முகத்தைத் தொங்கவிட்டபடி, தரையைப் பார்த்து, "அதைப் பிரிச்சு மோந்தாவது பாரு" என்றாள். ஆடியோ புத்தகம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் கம்பீரமாகப் படித்தார். கொஞ்ச நேரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டாள். "நடுவுல சந்தேகம் கேட்டா நிக்க மாட்றாரு. அவர்பாட்டுக்குப் போய்கினே கீறாரு."

எனவே நான் படிக்க ஆரம்பித்தேன். என் ஆங்கிலம் டெண்டர் ஆங்கிலம். இளைய ராணி தன் அரண்மனையை விட்டுக் கிளம்புகிற இடத்தை நான் படித்தபோது பம்புசெட்டுக்குக் கொட்டேஷன் கேட்கிற மாதிரி இருந்ததாம். கட்டில் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறிப்போய்க் குனிந்து பார்த்தால், சிரிக்கிறாள். "தமிழ்ல சொல்லுப்பா. நீ எனக்கு ஆபீஸ் கதை சொல்லுவே இல்ல, அந்த மாதிரி சொல்லு" என்றாள்.

அடுத்த தொல்லை பெயர்கள். அந்த நாவலில் ஒரு பெயரும் வாயில் நுழைகிற பெயராக இல்லை. உயிரெழுத்துக்குப் பஞ்சம் வந்த நாட்டில் வைத்த பெயர்கள். ஆட்களை இளைய ராணி, மொட்டை மந்திரவாதி, படகுக்காரன் என்று ஆக்கினேன். ஊர்களுக்கு எங்கள் ஊர்களையே போட்டுவிட்டேன். ஏரி இருக்கிற தலைநகரம் செங்கல்பட்டு. உளிச்சத்தம் கேட்கிற கல் நகரம் மாமல்லபுரம், அதைத் தவிர வேறு எதுவாக இருக்க முடியும்? பறக்கும் ஜந்து இட்ட முட்டை அங்கே சரிவில் நிற்கிற உருண்டைப் பாறை. வில்லனின் இடிந்த கோட்டையைக் கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆலம்பரையில் வைத்தேன். ராணியின் படை கிளம்புகிற இடம் படாளம். அதில் எனக்குக் கொஞ்சம் சுயநலம் உண்டு.

கதை இதுதான். ஒரு நாள் விடியும்போது கடலைக் காணவில்லை. உள்வாங்கிப் போனது போனதுதான், திரும்பி வரவில்லை. கப்பல்களெல்லாம் மணலில் சாய்ந்து கிடக்கின்றன. இளைய ராணி வறண்ட கடல் தரையில் இறங்கி, கடலைத் தேடி நடக்கிறாள்.

"லூசா அவ?" என்றது கட்டில். "கடல் உள்ள போனா மேட்டைப் பாத்து ஓடணும். பின்னாடியே போவாளா ஒருத்தி?"

கடல் உள்வாங்கினால் என்ன நடக்கும் என்று எங்கள் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுதியவருக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது. நான்தான் ராணிக்கு வக்கீலாக நின்றேன். போய் மாசக் கணக்காகிவிட்டது, இனி அலை வராது என்று மந்திரவாதி உறுதி கொடுத்த பிறகுதான் இறங்கினாள் என்று நானே ஒரு வரி சேர்த்தேன். மந்திரவாதி அப்படி எதுவும் சொல்லவில்லை. அதுதான் நான் அந்தப் புத்தகத்தில் வைத்த முதல் கை.

எங்கள் ஊர்களைப் போட்டதன் வினை நாலாவது அத்தியாயத்தில் தெரிந்தது. கிளம்பிய இடத்திலிருந்து கடற்கரைக் கோட்டைக்குப் படை போய்ச் சேர மூன்று வாரம் ஆயிற்று என்று புத்தகத்தில் இருந்தது. அப்படியே சொல்லிவிட்டேன்.

"படாளத்துலேந்து கடப்பாக்கம் போவ மூணு வாரமா?" என்றாள். "பஸ் மாறிப் போனாக்கூட மதியத்துக்குள்ள போய் சேந்துடலாமே."

நான் மாட்டிக்கொண்டு முழித்தேன். அவளே வழி சொன்னாள். "பொங்கலுக்கு எல்லாரும் மெட்ராஸ்லேந்து ஊருக்குக் கெளம்புற நாளா இருக்கும். ஜி.எஸ்.டி. ரோட்டுல மாட்டிக்கினு இருப்பாங்க."

அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. அந்த நாவலில் அதற்குப் பிறகு எந்தப் படை தாமதமாக வந்தாலும் சுங்கச்சாவடியில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டோம்.

ஒத்தாசைக்கு வந்திருந்த அம்மா முதலில் இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. கட்டிலிலிருந்து 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டதையும் கண்டுகொள்ளவில்லை. தலை குப்புறக் கிடக்கிற பெண்ணுக்கு இந்தக் கூத்து தேவையா என்று பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பிறகு முருங்கைக்கீரை ஆய்கிற சாக்கில் வாசற்படியோரம் வந்து உட்கார்ந்தாள். ஒரு நாள் கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "ஏன் நைனா, இத்தினி பேரு போறாங்களே, சோறு யாரு ஆக்குறது?"

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அத்தனை கனமான நாவலில் ஒருத்தரும் அடுப்பு மூட்டவில்லை. ராணி ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்கிறாள். அது எங்கிருந்து வந்தது என்ற தகவல் இல்லை. அம்மா சொன்னது சரிதான் என்று ஸ்டோர்ஸ்காரனுக்குப் பட்டது. அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு முழுக் கடல், அத்தனை தண்ணீர், எங்கே போயிருக்கும்? அது தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபீஸ் பஸ்ஸில் புத்தகத்தை எடுத்துப் போய் மறுநாள் பகுதியை முன்கூட்டியே படிக்க ஆரம்பித்தேன். பக்கத்து சீட்டு ஆள் அட்டையில் இருந்த ஜந்துவைப் பார்த்துவிட்டு, "பையனுக்கா சார்?" என்றார். எனக்குத்தான் என்று சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

அவளுக்கு அந்தக் கதையில் மிகவும் பிடித்தது படகுக்காரனை. கடல் இல்லாத ஊரில் படகை வைத்துக்கொண்டு என்ன செய்வான் மனுஷன்? அதைத் தோளில் கயிறு போட்டு, வறண்ட தரையில் இழுத்துக்கொண்டே ராணியோடு வருகிறான். எதற்கு இந்த வீண் பாரம் என்று மொட்டை மந்திரவாதி நக்கல் செய்யும்போதெல்லாம் ஒரே பதில்தான். அதை நான் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லுவேன். "கடல் வந்தா படகு வோணும் இல்ல?" நான் சொல்லத் தொடங்கும்போதே கட்டிலிலிருந்து அவளும் சேர்ந்து சொல்லுவாள். அம்மாகூட ஒருமுறை சொன்னாள்.

மறுபரிசோதனைக்குப் போக வேண்டிய நாள் வந்தது. முந்தின நாள் பஸ்ஸில் அடுத்த அத்தியாயத்தைப் படித்தேன். கடல் தரையில் ஒரு பெரும் பள்ளம் குறுக்கிடுகிறது. எல்லோரும் கயிற்றைப் பிடித்து இறங்குகிறார்கள். மேலே நின்று கயிற்றைத் தாங்குவது படகுக்காரன். கடைசி ஆள் கீழே கால் வைக்கும்போது, கயிறு கட்டியிருந்த பாறை பாரம் தாங்காமல் பெயர்கிறது. கீழே இருப்பவர்கள் மேல் அது விழாமலிருக்க அவன் கயிற்றை அறுத்து, பாறையை வேறு பக்கமாகத் தள்ளி, அதோடு தானும் பள்ளத்தில் விழுந்து செத்துப்போகிறான். சாவு ஒரே வரியில் இருந்தது. திருக்கழுக்குன்றத்துக்கு முன்னாலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டுக்கதைக்கு அழுகிறோமே என்று என் மேலேயே கோபமும் வந்தது.

மறுநாள் டாக்டரம்மா வெகுநேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பெரும்பாலும் ஒட்டிவிட்டது, ஆனால் ஒரு ஓரத்தில் மட்டும் திருப்தியாக இல்லை என்றார். லேசர் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் தலை குப்புறவே இருக்கட்டும், அடுத்த முறை பார்த்துவிட்டு மறுபடி ஆபரேஷன் தேவையா என்று சொல்கிறேன் என்றார். திரும்பி வரும்போது காரில் அவள் முன்சீட்டு முதுகில் நெற்றியை முட்டுக்கொடுத்தபடி வந்தாள். தாம்பரம் தாண்டி, கூடுவாஞ்சேரி தாண்டி, வீடு வரைக்கும் அப்படியே வந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. ஒருவேளை ஒட்டாமலே போய்விட்டால், அலமாரி நிறைய இருக்கிற அந்தச் செங்கல்களை நான் எப்படித் தூசி தட்டுவேன் என்று நினைத்தேன்.

கட்டிலில் படுக்க வைத்த பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள். "கதை சொல்லு. படகுக்காரன் இன்னா ஆனான்?"

பள்ளம் வந்ததைச் சொன்னேன். கயிற்றைச் சொன்னேன். பாறை பெயர்ந்ததைச் சொன்னேன். அவன் கயிற்றை அறுத்ததையும் சொல்லிவிட்டேன். கீரை ஆய்கிற சத்தம் நின்றுவிட்டது.

"அய்யோ" என்றாள்.

புத்தகத்தில் அடுத்த வரி என் விரலுக்குக் கீழே இருந்தது. இந்த வீட்டில் அந்த வரியை இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

"விழுந்தான்" என்றேன். "ஆனா அந்தப் பள்ளத்துல பழைய வலை ஒண்ணு கெடந்துச்சு. கடல் இருந்த காலத்துல பாறையில சிக்கி அறுந்து போன வலை. அதுல போய் மாட்டிக்கினான்."

"அடி கிடி பட்டுச்சா?"

"சிராய்ப்புதான்."

அவள் பெருமூச்சு விட்டது தலையணைக்குள் கேட்டது. அம்மா மறுபடி கீரையை எடுத்தாள். எனக்கு மட்டும்தான் தெரியும், எவ்வளவு பெரிய வம்பை விலைக்கு வாங்கியிருக்கிறேன் என்று. புத்தகத்தில் இன்னும் பாதி பாக்கி இருந்தது, அந்தப் பாதியில் படகுக்காரன் கிடையாது.

செத்தவனைக் காப்பாற்றுவது சுலபம். அதற்குப் பிறகு அவனை வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. அடுத்த அத்தியாயம் முழுக்க இளைய ராணி அவனுக்காக அழுகிறாள். ஏன் அழுகிறாள் என்று நான் சொல்ல வேண்டும். பஸ்ஸில் மண்டையை உடைத்துக்கொண்டபோது அம்மாவின் கேள்வி ஞாபகம் வந்தது. சோறு யார் ஆக்குவது? விழுந்ததில் தோள் வலி, இனிமேல் கொஞ்ச நாள் இழுக்க முடியாது என்பதால் படகுக்காரன் படைக்குச் சமைக்கிறான் என்று ஆக்கினேன். வெங்காயம் நறுக்குகிறான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ராணிக்குக் கண்ணில் நீர் கொட்டுகிறது. அம்மாவுக்குப் பரம திருப்தி. எத்தனை படி அரிசி போட்டான் என்றுகூட விசாரித்தாள்.

புத்தகத்தில் அவன் ஞாபகமாகப் படகைச் சிதை மாதிரி அடுக்கி எரிக்கிறார்கள். அருமையாக எழுதப்பட்ட இடம் அது, நான் இரண்டு தடவை படித்தேன். என் கதையில் அந்தத் தீ கறிக்குழம்பு கொதிக்கிற அடுப்பாயிற்று. படகு தப்பித்தது. ஆனால் படகைப் பிறகு யார் இழுப்பது? மொட்டை மந்திரவாதியைப் பிடித்து இழுக்க வைத்தேன். அத்தனை நாள் நக்கல் செய்தவன் தோளில் கயிறு ஏறியதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில், குலுங்காதே, கண்ணு என்று அம்மா அதட்ட வேண்டியிருந்தது. ஒரு இடத்தில் படகுக்காரனை முழுக்க மறந்து நான் பாட்டுக்கு நாலு பக்கம் போய்விட்டேன். "அவன் எங்க?" என்று கேட்டாள். "பாத்திரம் கழுவுறான்" என்றேன்.

அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மா நிமிர்ந்து உட்காரலாம் என்றார். ஓரமும் ஒட்டிக்கொண்டு வருகிறது, குமிழி கரையட்டும் என்றார். அன்றிலிருந்து அவள் கண்ணுக்குள் ஒரு கோடு தெரிய ஆரம்பித்தது. கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே தளும்பல். "உள்ள முட்டுக்காடு போட் ஹவுஸே கீதுப்பா" என்றாள். "தலைய ஆட்டுனா தண்ணி ஆடுது. படகு ஒண்ணுதான் கொறைச்சல்." தினமும் காலையில் அந்தத் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கையை வைத்துக் காட்டுவாள். முதலில் மூக்கு மட்டத்தில் காட்டினாள், பிறகு வாய், பிறகு தாடை. கதையில் ராணி கடலை நெருங்க நெருங்க, இவள் கண்ணில் தண்ணீர் வற்றிக்கொண்டு வந்தது.

கடைசிப் பக்கத்தில் ராணியின் காலடியில் மணல் ஈரமாகிறது. தூரத்தில் ஏதோ இரைச்சல். அவ்வளவுதான், முதல் பாகம் முடிந்தது. கடல் எங்கே போனது என்று சொல்லவே இல்லை. நான் புத்தகத்தைக் கட்டிலில் வீசினேன். இத்தனை பக்கம் எழுதி ஒரு சாமானுக்கு விவரம் சொல்லாதவரை எங்கள் பிரிவில் ஒரு நாள் வைத்திருக்க மாட்டார்கள் என்று கத்தினேன். "ரெண்டாம் பாகம் வரும், கத்தாதே" என்றாள் அவள், இத்தனை வருஷமாக இதற்குப் பழகியவள். புத்தகத்தில் கடைசி வரியில் ராணி பின்னால் திரும்பிப் பார்க்கிறாள், படகுக்காரன் வர வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. நான் சொன்னதில் படகுக்காரன் இருந்தான். படகை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தான்.

குமிழி கரைந்தது. திரை ஒட்டிவிட்டது. புதுக் கண்ணாடி போட்டுக் காலண்டர் தேதியை, மருந்துச் சீட்டை, ஊறுகாய் பாட்டில் லேபிளை எல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அன்றைக்கே படாளம் பஸ் ஏறினாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள். சமையல் என் பொறுப்பு என்று அடுப்படிக்குள் ஒளிந்துகொண்டு, நடுநடுவே எட்டிப் பார்த்தேன். புத்தகத்தில் படித்து முடித்த இடது கைப் பக்கம் கனம் கூடிக்கொண்டே போனது. கடல் உள்வாங்கியதற்கு முணுமுணுத்தாள். மூன்று வாரப் பயணத்துக்குச் சிரித்தாள். மதியத்துக்கு மேல் சத்தமே இல்லை.

பக்கத்துக்கு நடுவில் விரலை வைத்தபடி அடுப்படிக்கு வந்தாள்.

"செத்துட்டானா?"

"ம்."

"அன்னிக்கா? ஆஸ்பத்திரி போய்ட்டு வந்தமே, அன்னிக்கா?"

"ஆமா" என்றேன். தாளிப்பில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது.

புதுக் கண்ணாடிக்குள் இரண்டு கண்ணும் சிவந்து தெரிந்தன. திட்டுவாள் என்று நினைத்தேன். அவளுடைய புத்தகத்தில் யாராவது ஒரு பக்கத்தை மடித்தாலே திட்டுவாள். "வெங்காயமாம், வெங்காயம்" என்று சொல்லிவிட்டு, கரண்டி பிடித்திருந்த என் முழங்கையில் புத்தகத்தால் ஒரு தட்டுத் தட்டி, முகத்தை என் தோளில் வைத்துக்கொண்டாள். சட்டை நனைந்தது. எனக்கு அந்த நேரத்தில் இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இரண்டாம் பாகம் இந்த மாதம் வந்தது. அவள்தான் முதலில் படிக்கிறாள், நியாயம் அதுதான். நான் பஸ்ஸில் பேப்பர் பார்த்துக்கொண்டு போகிறேன், முதல் பாகத்தை என் வாயால் கேட்டுவிட்ட பக்கத்து சீட்டு ஆள் ராணி என்ன ஆனாள் என்று நச்சரிக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது ஜன்னலோரத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"கடல் வந்துடுச்சுப்பா. கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. இவங்ககிட்ட படகு இல்ல, எரிச்சிட்டாங்களே."

"நம்மகிட்ட கீதுல்ல" என்றேன்.

அவள் விரலை உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடினாள். நாற்காலியை அடுப்படிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "சரி, நீ சொல்லு" என்றாள்.